பாடினவரின் பாடு



தமிழ்த் திரைப்படத்திற்குப் பெயர் தேடித் திருமறையைத் திறந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. அப்படித் திறந்த ஒருவரைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். 1966ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய படத்தின் பெயர் "தட்டுங்கள் திறக்கப்படும்". நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் அருளிய வாக்கிலிருந்து எடுத்த பெயர் அது. அந்தப் படத்தை இயக்கி, அதில் நடித்தவர் ஜே.பி. சந்திரபாபு. தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த ஒரு மனிதர் தம்முடைய படத்துக்குக் கதவு தட்டுகிறவனின் வாக்கை ஏன் சூட்ட வேண்டும்? அவருடைய வாழ்க்கையைச் சற்றேனும் அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் தலைப்பாகத் தோன்றாது.

போதகருக்குச் சினிமா நடிகரைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பொன்னேரியிலிருந்து கிழக்கே பழவேற்காடு வரை ஏரிக்கரைக் குப்பங்களில் ஊழியத்தின் பொருட்டு நடமாடுகிறவனுக்குச் சந்திரபாபுவின் குரல் அந்நியமானதன்று. கிழிந்த வலையைச் சரிசெய்கிற நிழலிலும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும், இரவில் படகில் எடுத்துச் செல்லும் கைப்பேசியிலும் அந்தக் குரல் இன்றைக்கும் ஒலிக்கிறது. அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவரைக் கண்ணால் பாராத பேரப்பிள்ளைகளும் அவர் பாட்டை வாயோடு வாயாகப் பாடுகிறார்கள். ஆனால் பாடியவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. பாட்டு நம்மிடம் தங்கிவிட்டது, பாடியவருடைய பாடு நம்மிடம் தங்கவில்லை. இந்த வாரத்துச் சிந்தனை அந்த இடைவெளியைக் குறித்ததுதான்.

அவர் கடற்கரையின் பிள்ளை. 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு என்பது முழுப்பெயர். தூத்துக்குடியின் புகழ்பெற்ற பனிமய மாதா ஆலயத்தின் நினைவு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. தந்தையார் ரொட்ரிகஸ் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர், பத்திரிகை நடத்தியவர். ஆங்கில அரசின் நடவடிக்கையால் குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்தது. கொழும்பில் படித்து வளர்ந்த பிள்ளை 1943ஆம் ஆண்டளவில் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். நடிக்க வேண்டும், பாட வேண்டும் என்ற தாகம் மட்டும் அவரிடம் நிறைய இருந்தது. கையில் காசு இல்லை, கைதூக்கிவிட ஆளும் இல்லை.

1947ஆம் ஆண்டில் "தன அமராவதி" என்ற படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் ஆண்டுகள் ஓடின, கதவுகள் திறக்கவில்லை. 1952ஆம் ஆண்டில் ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ். வாசன் அவர்களைக் கண்டு வாய்ப்புக் கேட்க முயன்று, முடியாமற்போன மனச்சோர்வில், அந்த வளாகத்திலேயே தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார். அந்நாளின் சட்டப்படி தற்கொலை முயற்சி ஒரு குற்றம். ஆகவே உயிர் பிழைத்தவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்.

அந்த நீதிமன்றத்தில் நடந்ததாகப் பலராலும் சொல்லப்படுகிற ஒரு நிகழ்ச்சி உண்டு. ஏன் அப்படிச் செய்தாய் என்று நடுவர் கேட்டபோது, சந்திரபாபு ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தம்முடைய கையிலேயே சுட்டுக்கொண்டாராம். நான் சுட்டுக்கொண்டது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அதன் சூடு உங்களுக்குத் தெரியாது. என் துன்பமும் அவ்வாறே, சொல்லலாம், உணர்த்த முடியாது. இந்தப் பொருள்பட அவர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள். அன்பானவர்களே, சிரிப்பிலும் இருதயத்துக்கு நோவுண்டு என்று நீதிமொழிகளின் 14ஆம் அதிகாரம் போதிக்கிறது. ஞானி பழமொழியில் சொன்னதை இந்த இளைஞர் தம் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்.

அதன்பின் கதவு திறந்தது. வாசன் அவர்களே அதே 1952ஆம் ஆண்டில் ஜெமினியின் "மூன்று பிள்ளைகள்" படத்தில் வாய்ப்பளித்தார். அடுத்த பத்து ஆண்டுகள் சந்திரபாபுவின் ஆண்டுகள் என்றே சொல்லலாம். 1958ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். இயக்கிய "நாடோடி மன்னன்" படத்திலும், சிவாஜி கணேசனோடு "சபாஷ் மீனா" படத்திலும் நடித்தார். பின்னதில் அவருக்கு இரட்டை வேடம். அவற்றுள் ஒன்றில் ரிக்‌ஷாக்காரராக வந்து சென்னைத் தெருப்பேச்சை அவர் பேசியதை இன்றும் மெச்சுகிறவர்கள் உண்டு.

ஆனால் நடிப்பைவிடவும் நம் காதில் தங்கியிருப்பது அவருடைய இசை. பிறர் பாட, வாயசைத்து நடிக்கும் வழக்கம் வேரூன்றிவிட்ட காலத்தில் அவர் தம் பாட்டைத் தாமே பாடினார். அதுமட்டுமன்றி, 1954ஆம் ஆண்டில் வந்த "பெண்" படத்தில் வீணைக் கலைஞரும் நடிகருமான எஸ். பாலசந்தருக்குப் பின்னணியும் பாடினார். அடித்தொண்டையிலிருந்து மெல்லிய உச்சக் குரலுக்கு ஒரே மூச்சில் தாவித் திரும்பும் யோடலிங் என்ற பாணியைத் தமிழ்த் திரையில் பரப்பியவர் அவரே. அது மேலைநாட்டு ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் மேய்ப்பர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலிலிருந்து வளர்ந்த பாணி. மலைக்கு இப்பால் நிற்பவன் கூவுவான், அப்பால் நிற்பவன் மறுமொழி கூவுவான். மறுமொழி வராவிட்டால் அந்தக் கூவலுக்குப் பொருளில்லை. நம் மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருட்டில் படகுக்குப் படகு குரல் கொடுப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

அவர் பாடிய பாடல்களின் பொருளைக் கவனித்துப் பாருங்கள். "சகோதரி" படத்தில் தம்மைத் தாமே முட்டாள் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். "குமார ராஜா" படத்தில் இந்த உலகத்தில் எதுவும் விளங்கவில்லை என்று தலையைச் சொறிகிறார். 1962ஆம் ஆண்டின் "அன்னை" படத்தில் அறிவுள்ளவர்கள் எல்லாரும் வெற்றி காண்பதில்லை என்கிறார். கவிஞர் கண்ணதாசன் தயாரித்த "கவலை இல்லாத மனிதன்" படத்தில் மனிதனுடைய பிறப்பையும் இறப்பையும் சூழ்ந்திருக்கும் அழுகையைப் பாடுகிறார். மெட்டு துள்ளுகிறது, பொருள் விம்முகிறது. நாமோ துள்ளலை எடுத்துக்கொண்டு விம்மலை விட்டுவிட்டோம்.

கவலையில்லாத மனிதனாக நடித்தவருக்குக் கவலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இல்லறம் நிலைக்கவில்லை. எம்.ஜி.ஆரை வைத்துத் தாமே தயாரிக்கத் தொடங்கிய "மாடி வீட்டு ஏழை" என்ற படம் முடிவு பெறாமல் நின்று, பெரும் பொருளிழப்பைத் தந்தது. சொந்தமாகக் கட்டிய மாடிவீடும் கைவிட்டுப் போயிற்று. தலைப்பே வாழ்க்கையானது போல் இருந்தது. மதுவின் பிடியிலும் சிக்கினார். மனதில் பட்டதை யார் முன்பும் மறைக்காமல் பேசும் இயல்பு அவருக்கு இருந்தது, அது நண்பர்களைக் குறைத்தது. இவற்றில் அவருடைய பிழை எவ்வளவு, பிறருடைய பிழை எவ்வளவு என்று எடைபோடுவது நம் வேலையன்று. "தட்டுங்கள் திறக்கப்படும்" படம் அவரை மீட்கும் அளவுக்கு ஓடவில்லை. 1974ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், நாற்பத்தாறாம் வயதில், வறுமையில் இறந்தார். சென்னையில் குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இனி ஒரு நிமிடம் கடல் கடந்து செல்வோம். மேடையிலும் திரையிலும் சிரிக்க வைத்து, இசையும் அமைத்த ஆங்கிலேயர் ஒருவரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். சார்லி சாப்ளின். 1889ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தவர். அவருடைய தாயார் மேடைப் பாடகி. ஆல்டர்ஷாட் என்ற ஊரில் ஒரு நாள் மேடையில் தாயாரின் குரல் உடைந்துபோக, கூட்டம் கூச்சலிட, ஐந்து வயதுச் சிறுவனைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினார்கள். சிறுவன் பாடினான், காசுகள் வந்து விழுந்தன. அது தம்முடைய முதல் மேடை என்றும், தாயாருக்குக் கடைசி மேடை என்றும் சாப்ளின் தம் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். ஒருவருடைய முறை முடிந்த அதே இடத்தில் இன்னொருவருடைய முறை தொடங்கியது. தாயார் பின்னர் மனநல மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது, பிள்ளைகள் ஏழையர் விடுதிக்குச் சென்றார்கள்.

அந்தச் சாப்ளின் பிற்காலத்தில் தம் படங்கள் பலவற்றுக்குத் தாமே இசையமைத்தார். அவற்றுள் ஒன்று "லைம்லைட்". மவுசு இழந்த முதிய மேடைக் கோமாளி ஒருவன், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஓர் இளம் நடனக்காரியைக் காப்பாற்றி, மறுபடியும் நிற்கச் செய்கிற கதை அது. அந்தப் படம் வெளிவந்த ஆண்டு எது தெரியுமா? 1952. சென்னையில் ஓர் இளங்கலைஞர் சாவின் விளிம்புவரை சென்று திரும்பிய அதே ஆண்டு. இருவரும் ஒருவரையொருவர் அறிந்து செய்ததல்ல. ஆனாலும் உலகத்தின் இரு கோடிகளில் ஒரே துயரம் ஒரே ஆண்டில் வெளிப்பட்டது. அதே 1952ஆம் ஆண்டில்தான், அந்தப் படத்தின் வெளியீட்டுக்காக இலண்டனுக்குக் கப்பலேறிய சாப்ளினுக்கு, அமெரிக்கா திரும்புவதற்கான அனுமதி ரத்துசெய்யப்பட்டது. அவருக்கும் கதவு சாத்தப்பட்டது. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து, 1972இல், அதே நாடு அவரை அழைத்து எழுந்துநின்று கைதட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, "லைம்லைட்" படத்தின் இசைக்காக அவருக்கு ஆஸ்கர் விருதும் அளித்தது. அப்போது அவருக்கு வயது எண்பத்து மூன்று. காலம் தாழ்ந்து திறந்த கதவானாலும், திறக்கும்போது உள்ளே வர அவர் உயிரோடிருந்தார். சந்திரபாபுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்பொழுது நம்முடைய ஏரிக்கு வருவோம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. இதில் மீன்பிடிக்கிற கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓர் ஒழுங்கு உண்டு. அதன் பெயர் "பாடு". இறால் நன்றாகப் படுகிற இடங்கள் ஏரியில் சிலவே. வலுத்தவன் நாள்தோறும் நல்ல இடத்தை எடுத்துக்கொண்டால் இளைத்தவன் பட்டினி கிடப்பான். ஆகவே உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு, முறைவைத்து, இடங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. இன்று நல்ல இடம் கிடைத்தவன் அதைத் தன் சொத்தென்று எண்ண மாட்டான். இன்று கிடைக்காதவனும் ஏரியைவிட்டுப் போய்விட மாட்டான். முறை மறுபடியும் வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

இந்த ஒழுங்கை நான் பொன்னால் முலாம் பூசிக் காட்டவில்லை. பாட்டுரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற கேள்வியினால் இந்த ஏரியில் பூசல்கள் நடந்திருக்கின்றன. வட்டத்துக்கு உள்ளே நிற்பவனுக்கு அது நீதி, வெளியே நிற்பவனுக்கு அது வேலி. ஆயினும் அதன் அடியில் ஓர் உயர்ந்த எண்ணம் இருக்கிறது. ஒருவனுடைய முறை முடிந்தது என்பதனால் அவன் முடிந்துபோனவன் அல்லன்.

தமிழில் "பாடு" என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். இராகத்தோடு குரலெடுத்துச் சொல் என்று ஏவுவதற்கும் பாடு என்கிறோம். உழைப்புக்கும் துன்பத்துக்கும் பாடு என்கிறோம். வயிற்றுப்பாடு என்கிறோம், பாடுபட்டேன் என்கிறோம். நம் ஆண்டவர் சிலுவையில் அனுபவித்ததைக் கிறிஸ்துவின் பாடுகள் என்றே தமிழ்த் திருச்சபை பல தலைமுறைகளாக அறிக்கையிடுகிறது. இவற்றோடு, மீனவனுக்குக் கிடைக்கிற முறைக்கும் இந்த ஏரிக்கரையில் அதுவே பெயர். பாடுகிறவன் ஒருவன், பாடுபடுகிறவனும் அவனே. அவனுக்குப் பாடு கிடைக்கச் செய்வது ஊர். திரையுலகத்தில் சந்திரபாபு பாடினார், பாடும் பட்டார். ஆனால் முறை முடிந்தபின் மறுமுறை உண்டு என்று சொல்ல அங்கே சீட்டுக் குலுக்கும் ஊர்ச்சபை இல்லை. அவர் பாடு அவருக்கு என்று விட்டுவிட்டார்கள்.

சினிமாக்காரர்களைக் குறைகூறிவிட்டு நாம் ஆலயத்துக்குள் போய் அமர்ந்துகொள்ள முடியாது. நம் குப்பங்களிலும் சந்திரபாபுகள் இருக்கிறார்கள். கிறிஸ்மஸ் நாடகத்தில் ஒவ்வொரு ஆண்டும் ஏரோதாக வேடமிட்டு, அழுகிற குழந்தையையும் சிரிக்க வைக்கும் பெரியவர் ஒருவரை நான் அறிவேன். கீத ஆராதனையில் அவர் குரல்தான் முன்னே நிற்கும். சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடுகிறவரும் அவர்தான். மனைவி இறந்தபின் அவர் பாடுவதை நிறுத்திவிட்டார். நாடகத்துக்கு வேறு ஆள் கிடைத்தார், பாடற்குழுவுக்கு விசைப்பலகை கிடைத்தது. இரண்டு மாதங்கள் அவர் ஆராதனைக்கு வராததைக் கண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். ஒருக்களித்த கதவுக்குள்ளிருந்து என்னை உற்றுப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஐயா, நீங்க பாட்டைக் கேக்க வந்தீங்களா, என்னைக் கேக்க வந்தீங்களா?"

உங்களைத்தான் ஐயா என்றேன். கதவை முழுவதும் திறந்தார். அன்றைக்கு அவர் பாடவில்லை. நான் கேட்கவும் இல்லை. வெகுநேரம் அவருடைய மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இறால் பருவத்தில் அந்த அம்மாள் விடியுமுன் கூடையெடுத்துச் சந்தைக்குப் புறப்படும் வேகத்தைச் சொல்லிச் சிரித்தார், சிரித்த வாயோடு அழுதார். புறப்படும்போது ஜெபம் செய்தோம். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது. அதை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன். நாம் பாட்டைக் கேட்கிறவர்களா, பாடினவரைக் கேட்கிறவர்களா?

திருமறையில் சவுல் ராஜாவின் அரண்மனையை நினைத்துப் பாருங்கள். ராஜாவின் மனக்கலக்கத்தைத் தணிக்கத் தாவீது என்ற மேய்ப்பச் சிறுவன் சுரமண்டலம் வாசித்தான். வாசிக்கையில் ராஜாவுக்கு ஆறுதல் உண்டாயிற்று என்று முதலாம் சாமுவேலின் புத்தகம் கூறுகிறது. ஆறுதல் பெற்ற ராஜா, ஆறுதல் தந்தவனுக்குப் பின்னொரு நாள் என்ன செய்தான்? வாசித்துக்கொண்டிருந்தவன் மேலேயே ஈட்டியை எறிந்தான். இசையை விரும்பினான், இசைத்தவனை வெறுத்தான். நாம் ஈட்டி எறிவதில்லை. ஆனால் மறந்துவிடுகிறோம். மறதியும் சில வேளைகளில் ஈட்டியைப் போலவே பாய்கிறது.

"தட்டுங்கள், திறக்கப்படும்" என்ற வாக்கை நாம் பெரும்பாலும் தேவையுள்ளவனுக்குச் சொல்லும் புத்திமதியாகவே வாசிக்கிறோம். உனக்கு வேண்டுமானால் நீ தட்டு, ஜெபி, முயற்சி செய் என்கிறோம். அது மெய்தான். ஆனால் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தவனுக்கு என்ன சொல்வது? அதற்குத் திருமறையின் கடைசிப் புத்தகம் விடை வைத்திருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தில் வாசற்படியில் நின்று தட்டுகிறவர் ஆண்டவர்தாமே. உள்ளே இருப்பவனோ மனிதன். மலைப்பிரசங்கத்தில் தட்டச் சொன்னவர், அங்கே தாமே வந்து தட்டுகிறார். கை ஓய்ந்தவனைத் தேடி வருகிற தேவன் அவர். அவரைப் பின்பற்றுகிறவர்களின் கைகளுக்கும் அதே வேலைதான் இருக்கிறது.

நம் ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிப்போனால் என்ன ஆகிறது என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கடல் நீர் உள்ளே வருவதில்லை, மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வருவதில்லை, ஏரி மெல்ல மெல்ல வலுவிழக்கிறது. பெருவெள்ளம் வந்தால் திறக்கும். வராவிட்டால் ஊர்கூடி மண்ணை வெட்டி வழி உண்டாக்க வேண்டும். நீயே திறந்துகொள் என்று ஏரியிடம் எவரும் சொல்வதில்லை. துக்கத்தால் மூடிப்போன மனிதனிடம் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

இங்கே ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்ல வேண்டும். சந்திரபாபு நின்ற குற்றவாளிக் கூண்டில் இன்று அப்படிப்பட்ட ஒருவரை நிறுத்துவதை நம் சட்டமே விரும்பவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும் என்கிறது. அவருக்குத் தேவை தண்டனை அன்று, கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் என்று அரசுக்குக் கடமை விதிக்கிறது. சட்டம் இரக்கம் கற்றுக்கொண்டிருக்கும்போது, சபை பழைய நடுவரைப் போல உட்கார்ந்திருக்கலாகாது. விசுவாசம் குறைந்தவன், பாவி என்று முத்திரை குத்தி அந்தக் குடும்பங்களை ஒதுக்கி வைப்பது கிறிஸ்துவின் சிந்தையன்று. உங்களில் ஒருவருக்கோ, உங்கள் வீட்டில் ஒருவருக்கோ வாழ்வே பாரமாய்த் தோன்றுமானால், தயவுசெய்து தனித்திராதீர்கள். நம்பிக்கையானவர் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அன்று. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் அழைத்துப் பேசலாம். 1986ஆம் ஆண்டிலிருந்து சென்னையில் சிநேகா என்ற அமைப்பும் இந்தத் தொண்டைச் செய்து வருகிறது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரத்தில் ஒரே ஒரு பெயரை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு காலத்தில் உங்களைச் சிரிக்க வைத்தவர், உங்களுக்காகப் பாடியவர், சபையில் முன்வரிசையில் நின்றவர், இப்போது பேச்சில் வராதவர் யார்? ஓய்வு பெற்ற ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கலாம். குரல் போன பாடகராக இருக்கலாம். குடிக்குப் பழகிவிட்டார் என்று ஊர் கைகழுவிய வாலிபனாக இருக்கலாம். அவர் வீட்டுக்குப் போங்கள். போகும்போது பாடச் சொல்லாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். அவரையே கேளுங்கள்.

லூக்கா 5ஆம் அதிகாரத்தில் இராமுழுதும் ஒன்றும் அகப்படாத சீமோனுடைய வலையில், ஆண்டவருடைய சொல்லினால் திரளான மீன்கள் அகப்பட்டபோது அவன் என்ன செய்தான்? மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டினான். அவர்கள் வந்தார்கள், இரண்டு படகுகளும் நிரம்பின. வலை நிரம்பியபோது அழைத்தவன் வலை வெறுமையான நாளிலும் அழைப்பான். ஆனால் துயரத்தில் அமிழ்ந்துபோகிற படகிலிருந்து சைகை எப்போதும் தெளிவாக வருவதில்லை. சில வேளை அது ஒரு பாட்டாக வரும். சில வேளை ஒரு சிரிப்பாக வரும். சந்திரபாபு அனுப்பிய சைகைகள் அப்படிப்பட்டவை. எல்லாரும் கேட்டோம், கைதட்டினோம். எதிர்ப்படகிலிருந்து துடுப்பை எடுத்தவர்கள் போதுமான அளவில் இல்லை.

அடுத்த முறை அவர் பாட்டை எங்கேயாவது கேட்கும்போது சிரியுங்கள். அதற்காகத்தான் அவர் பாடினார். சிரித்து முடித்தபின், உங்கள் தெருவில் பாடுவதை நிறுத்திவிட்ட ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

பாடுகளை அறிந்த நம் ஆண்டவர், தட்டித் தட்டிச் சோர்ந்தவர்களுக்குத் தாமே வாசல் திறப்பாராக. திறக்கிற கைகளாக உங்களையும் என்னையும் பயன்படுத்துவாராக. ஆமென்.